கூட வந்தவர்

இருபத்திரண்டு வருடம் இராணுவத்தில் லாரி ஓட்டிவிட்டு காஞ்சிபுரம் பக்கத்தில் எங்கள் ஊரான முசரவாக்கத்துக்குத் திரும்பியபோது, என் வீட்டில் தீப்பெட்டி எங்கே இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. மகளை வளர்த்தது, கூரை வீட்டைத் தளம் போட்ட வீடாக்கியது, என் அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது எல்லாம் என் மனைவி. நான் வந்த பிறகும் என்னைக் கேட்காமலே எல்லாம் செய்தாள். அவளுக்குக் கோபம் ஒன்றும் இல்லை, பழக்கம்தான்.

அவளுக்குச் சிறுநீரகம் கெட்ட பிறகுதான் நாங்கள் சேர்ந்து இருந்தோம். செவ்வாயும் வெள்ளியும் காஞ்சிபுரம் அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். நான்கு மணி நேரம் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் கேட்டாள், "பட்டாளத்துல இருந்த வருஷத்தையெல்லாம் இங்க உக்காந்துக்கினு கழிக்கிறியாய்யா?"

கேட்டுவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்படி மூன்று வருடம் போனது. அப்புறம் அவளும் போய்விட்டாள்.

காரியம் முடிந்து மகள் புனேவில் இருக்கும் தன் வீட்டுக்குக் கிளம்பினாள். அடுத்த செவ்வாய்க்கிழமை நான் குளித்து, சட்டை மாற்றி, பஸ் ஏறி, ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிய பிறகுதான் எதற்கு வந்தோம் என்று யோசித்தேன். திரும்பிப் போக மனமில்லை. உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். என்னைத் தெரிந்த நர்ஸ் ஒருவர் வந்தார்.

"அய்யா, அந்தக் கட்டில்ல இருக்கிற அம்மாவுக்குக் கூட ஆளே வரல. கொஞ்சம் பாத்துக்கிறீங்களா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறவர்கள், பிள்ளைகளே இல்லாதவர்கள் எனக்கு போன் செய்வார்கள். சீட்டு வாங்குவேன், ஸ்கேனுக்குக் கூட்டிப்போவேன், ஆபரேஷன் முடியும்வரை வெளியே காத்திருப்பேன். படிவத்தில் உறவு முறை என்று கேட்கிற இடத்தில் 'தெரிந்தவர்' என்று எழுதுவேன். மிலிட்டரிக்காரர் தங்கமான மனுஷன் என்று சொன்னார்கள். வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை என்பதுதான் உண்மை.

போன ஆவணியில் எனக்கே கண்ணில் புரை முற்றிவிட்டது. ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தார்கள். மகளிடம் சொல்லவில்லை. பேரனுக்குப் பரீட்சை. ஊரிலும் யாரிடமும் சொல்லவில்லை. நான் கூடப் போனவர்களில் யாரைக் கூப்பிட்டாலும், செய்ததற்குப் பதில் கேட்கிற மாதிரி ஆகிவிடும் என்று கூச்சமாக இருந்தது.

கண் ஆஸ்பத்திரியில் மருந்து விட்டு உட்காரவைத்தார்கள்.

"கூட யாரு வந்துக்கீறாங்க?" என்று கேட்டது அங்கே வேலை செய்கிற பெண்.

"டீ சாப்பிடப் போயிருக்காரும்மா."

அரை மணி கழித்து அந்தப் பெண் மறுபடியும் வந்தது. "இன்னும் வரலையா தாத்தா? ஆள் வந்து கையெழுத்துப் போட்டாதான் உள்ள அனுப்புவாங்க."

வரிசையில் எனக்குப் பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு மகனோ மருமகளோ இருந்தார். பட்டாளத்தில் இருந்தபோது பதினைந்தாயிரம் அடி உயரத்தில், பனியில் வண்டி மாட்டிக்கொண்டு இரண்டு நாள் தனியாக இருந்திருக்கிறேன். அப்போதுகூட யாரோ தேடி வருவார்கள் என்று தெரியும்.

கடைசியில் சின்ன காஞ்சிபுரத்துத் தறிக்காரர் ஒருவருக்கு போன் செய்தேன். முந்தின வருடம் அவருடைய கண் ஆபரேஷனுக்கு நான் கூடப் போயிருந்தேன். அதிகம் பேசாத மனிதர். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "எந்த ஆஸ்பத்திரி?" என்று மட்டும் கேட்டார்.

தறியிலிருந்து எழுந்த கோலத்திலேயே வந்தார். வேட்டியில் பட்டு நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. படிவத்தை வாங்கி, "மிலிட்டரிக்காரரே, உறவுன்னு கேக்குதே, இன்னா எழுதட்டும்?" என்றார்.

"தெரிஞ்சவர்னு எழுதுங்க."

அப்படியே எழுதினார். எத்தனையோ பேருக்கு நானே எழுதிய வார்த்தைதான். எனக்காக ஒருவர் அதை எழுதியது அதுதான் முதல் தடவை.

ஆபரேஷன் முடிந்து ஆட்டோவில் வீட்டுக்குக் கூட்டிவந்தார். கஞ்சி வைத்தார். பிறகு என் போனை எடுத்து நீட்டினார்.

"பொண்ணுக்கு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

நான்தான் சொன்னேன். மகள் நான்காம் நாள் வந்து சேர்ந்தாள். முதல் நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. வேளாவேளைக்கு மருந்து மட்டும் விட்டாள். மறுநாள் அடுப்படியில் நின்றபடியே, "அம்மாவும் இப்படித்தான்பா. ஒடம்பு முடியலன்னு ஒனக்கு ஒரு கடுதாசி போட்டதில்ல" என்றாள்.

பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள். அவள் போன அன்று வீடு மறுபடியும் பெரிதாகிவிட்டது. தறிக்காரர் எப்போதாவது வருவார். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, "வரேன்" என்று எழுந்து போவார்.

இன்னொரு கண்ணுக்குத் தை மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். மகளிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிடும்போது சொல்லிவிட வேண்டும்.