வேப்பிலை செருகிய வீட்டுக்கு வந்த போன்

போன வருஷம் தை மாதம் நடந்தது இது. ஹைதராபாத் குஷாய்குடாவில் குடியிருக்கிறோம். பருக்கள் விட்டுப்போன குழிகளோடு முப்பது வருஷம் குப்பை கொட்டியவள் நான். பெங்களூரில் இருக்கும் மகளுக்கு நிச்சயதார்த்தம் என்றதும், ஆசை யாரை விட்டது! ஒரு தோல் கிளினிக்கில் முகத்துக்கு லேசர் செய்துகொண்டேன். மேல்தோலைச் சுட்டெடுத்துப் புதுத்தோல் வளர வைக்கும் சிகிச்சை. சொந்தக்காரர்களிடம் மூச்சு விடவில்லை.

மூன்று நாள் முகம் சிவந்து எரிந்தது. அப்படித்தான் இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். நாலாம் நாள் காலையில் பல் தேய்க்கப் போனால், உதட்டோரம் கொத்தாகக் கொப்புளங்கள். மதியத்துக்குள் கன்னத்தில் பரவி, காய்ச்சலும் வந்துவிட்டது. எட்டிப் பார்த்த எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அம்மவாரு" என்றார். நாம் அம்மை என்போமே, அதேதான்.

எனக்கும் சந்தேகமே வரவில்லை. வாசலில் வேப்பிலை செருகினேன். தாளிப்பதை நிறுத்தினேன். அம்மன் வந்த வீட்டில் மருந்து கூடாது, வாசல் தாண்டக் கூடாது என்று எங்கள் விருதுநகர்ப் பக்கம் கேட்டு வளர்ந்தவள். கிளினிக்கில் கொடுத்த களிம்பையும் எடுத்து வைத்துவிட்டேன். டாக்டரிடம் போகலாம் என்ற கணவர்மேல் எரிந்து விழுந்தேன். இந்த வயதில் அழகு பார்க்கப் போனதற்குத்தான் ஆத்தா கோபித்துக்கொண்டாள் என்று உள்ளுக்குள் ஒரே நடுக்கம்.

மறுநாள் இடது இமை வீங்கிப் பாதி மூடிக்கொண்டது. வெளிச்சம் பட்டால் குத்தியது. அம்மையில் பார்வை போன ஒருவரைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போதும் வாசல் தாண்டத் துணிவில்லை.

அந்த நேரத்தில்தான் கிளினிக் நர்ஸ், முகம் எப்படி இருக்கிறது என்று விசாரிக்கப் போன் செய்தாள். அம்மன் வந்திருக்கிறாள், வெளியே வர முடியாது என்றேன். கண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டதா என்று கேட்டாள். ஆமாம் என்றதும் அவள் குரலே மாறிவிட்டது.

"ஏக் மினிட் பீ ருக்கோ நக்கோ, மேடம். ஆங்க் சலீ ஜாயேகி."

ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதே, கண் போய்விடும் என்கிறாள். தாயே மன்னித்துவிடு என்று அழுதுகொண்டே கணவரோடு ஆட்டோவில் ஏறினேன். வழியெல்லாம் வலது கண்ணைப் பொத்திப் பொத்தி, இடது கண்ணுக்குக் கடைப் பலகைகள் தெரிகின்றனவா என்று பார்த்துக்கொண்டே போனேன்.

கிளினிக் டாக்டர் பார்த்தவுடன் இது அம்மை இல்லை என்றார். உதட்டில் கொப்புளம் வரவைக்கும் கிருமி உடம்பிலேயே ஒளிந்திருந்து, லேசர் பட்டதும் கிளம்பிவிட்டதாம். முன்பு வந்ததுண்டா என்றார். வருஷா வருஷம் கோடையில் வரும் என்றேன். அவர் தமிழர்தான், பாஷை புரியவில்லை என்று நான் தப்பிக்கவும் வழியில்லை.

"லேசருக்கு முன்னாடி கேட்டப்போ இல்லைன்னு சொன்னீங்களேம்மா?"

"அது உடம்புச் சூடுதானே டாக்டர். நீங்க வியாதியைத்தானே கேட்டீங்க?"

அவர் திட்டவில்லை. சொல்லியிருந்தால் முன்கூட்டியே மாத்திரை கொடுத்திருப்பாராம். மருந்தை ஆரம்பித்து, கையோடு கண் மருத்துவரிடமும் அனுப்பினார். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் கருவிழிக்கே போயிருக்கும் என்றார் அந்தக் கண் மருத்துவர். கன்னத்தில் புதிதாக இரண்டு தழும்புகளோடு, நிச்சயதார்த்தத்தை இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

இப்போது எந்த டாக்டர் கேட்டாலும், இது வியாதியா சூடா என்று நானாகத் தீர்மானிப்பதில்லை. சின்ன வயதுத் தேமல்வரை கொட்டிவிடுகிறேன். ஆனால் அந்த நர்ஸ் அன்று விசாரிக்காமல் விட்டிருந்தால், கண் போவதையும் பக்தி என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பேன்.