சவரிமுத்து சேருக்கு நான் வாசித்துக் காட்டாத வரிகள்

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். சவரிமுத்து சேரைப் பற்றி அடக்க வீட்டில் பேசினார்கள். பாடசாலை முற்றத்தில் பேசினார்கள். போன கிழமை முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பிறகு ஒலிவாங்கி வைத்தும் பேசினார்கள். அவற்றில் மூன்று பேச்சுகளில் என் பெயரும் வந்தது. நல்லவிதமாகத்தான் வந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

செய்தி வந்த நேரம் நான் தெரணியகலைச் சந்தையில் மரக்கறிக் கடை முன்னால் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் இறப்பர்த் தோட்டத்துக்கு ஓடுகிற முச்சக்கர வண்டிக்காரன் வண்டியை நிறுத்திவிட்டு, "சேர், அப்பே சவரி சேர் நெதி வுணா" என்றான். நம்முடைய சவரி சேர் இல்லாமல் போய்விட்டார். தேவாலயத்தில் பூசை முடிந்து படியிறங்கும்போது உட்கார்ந்தாராம், எழும்பவில்லையாம். ஐம்பத்தொரு வயது. எந்த சவரி சேர் என்று இரண்டு தடவை கேட்டேன். எங்கள் மலையில் ஒரே ஒருவர்தான் இருந்தார். பிறகு கையில் பொறுக்கி வைத்திருந்த போஞ்சியை நிறுத்து வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். அதை என்னவென்று சொல்வது?

அவர் உடற்கல்வி ஆசிரியர். நான் ஆங்கிலம். பதினாறு வருடம் ஒரே ஆசிரியர் அறை. தோட்டத்தில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவன் வீட்டுக்கு என்னென்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும். கிளினிக் துண்டு வரும், வெளிநாட்டுக் கடிதம் வரும், மருந்துப் போத்தல்கூட வரும். சிங்களத்தில் சவரிமுத்து சேர் எவருடனும் சண்டை பிடிப்பார், சமாதானமும் பேசுவார். ஆங்கிலத் தாள் வந்தால் மட்டும் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என்னைத் தேடி வருவார். மற்றவர்கள் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். அவர் அப்படியில்லை.

"இந்தாங்க சேர், இதுல என்னா எழுதியிருக்குன்னு பாருங்க. எனக்கு ஒரு எழுத்தும் வெளங்கல."

ஆசிரியர் அறையில் இளையவர்கள் இருக்கும்போதே இப்படிச் சொல்வார். ஒருமுறை மெதுவாகப் பேசுங்கள் என்றேன். "தெரியாதத கேட்டா வாயா தேஞ்சு போகும்?" என்று இன்னும் சத்தமாகச் சொன்னார்.

நீண்ட தூர டிரையத்லன் என்ற யோசனை என்னுடையது. கடலில் நீந்தி, தொண்ணூறு கிலோமீற்றர் சைக்கிள் ஓட்டி, உடை மாற்றாமல் இருபத்தொரு கிலோமீற்றர் ஓட வேண்டும். கொழும்புக்காரர்களின் பைத்தியம் என்று எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும், "எப்பங்க சேர்?" என்று கேட்டார். எட்டு மாதம் பயிற்சி எடுத்தோம். ஆற்று மடுவில் நீந்துவோம், அவிசாவளைவரை சைக்கிளில் போய் மழையில் நனைந்து திரும்புவோம், இறப்பர் மலைப் பாதையில் ஓடுவோம்.

கால் வலியையும் மூச்சையும் அவர் பெரிதாக எடுக்கவில்லை. அவருக்குத் தொல்லை கொடுத்தது அரைக்காற்சட்டை. பாடசாலை விளையாட்டுக்கு அணிகிற சோட்ஸின் நடுத்தையல் இரண்டு மணி நேரத்தில் தோலை அறுத்தது. சந்தையில் வாங்கிய தொளதொளப்பான ஒன்றில் காற்று போனது. கூடவே அட்டையும் போனது. பாதையோரம் சைக்கிளைப் போட்டுவிட்டு அவர் துள்ளியதைப் பார்த்து, இறப்பர் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் பால் வாளிகளை வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

"சேர், அட்டைக்கு உப்பு வேணுமா, சோட்ஸுக்கு உப்பு வேணுமா?" என்றாள் ஒருத்தி.

"ரெண்டுக்கும் கொண்டாம்மா" என்றார் அவர்.

இந்தப் போட்டிக்கென்றே மெல்லிய மெத்தை வைத்த இறுக்கமான அரைக்காற்சட்டை இருப்பதை நான் வாசித்து அறிந்தேன். தண்ணீரைப் பிடித்து வைக்காது. தையல் தட்டையாக இருக்கும். தொடைப்பட்டி மேலே சுருளாது. அட்டைக்கும் வழி விடாது. எனக்கு இரண்டு வரவழைத்தேன். அவருக்கும் சொல்லலாம் என்றிருந்தேன். அந்தக் கிழமைதான் எங்கள் பாடசாலை அதிபர் மாற்றலாகிப் போனார்.

பதில் அதிபராக யாரை நியமிக்கலாம் என்று ஆசிரியர்களைக் கேட்டார்கள். சேவையில் நான் அவருக்கு ஏழு வருடம் மூத்தவன். பட்டம் என்னிடம் இருந்தது. கை தூக்கச் சொன்னபோது எனக்காக எழுந்தவை இரண்டு கைகள். மற்றவையெல்லாம் அவருக்கு. அவர் எழுந்து, "ஐயோ, வாணாங்க, சேர் இருக்காருங்களே" என்று ஒரு தடவை சொன்னார். ஒரே ஒரு தடவை. இரண்டாம் தடவை சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் அதை நான் மன்னிக்கவில்லை. மன்னித்ததாக எழுதினால் இந்த அஞ்சலி முழுவதும் பொய்யாகிவிடும்.

போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது அவருக்கு ஒரு பொதி வந்தது. தொலைபேசியில் படத்தைப் பார்த்துத் தானே வரவழைத்திருந்தார். தடித்த மெத்தை வைத்த சைக்கிள் அரைக்காற்சட்டை. ஆசிரியர் அறையில் பிரித்ததும் கணக்கு டீச்சர், "என்னங்க சேர், தலகாணிய வச்சே தச்சிருக்கான்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே உள்ளேயிருந்த சிறு தாளை என்னிடம் நீட்டினார்.

"சேர், இது சரிவருமான்னு பாருங்க."

முதல் வரியில், நீண்ட தூரச் சைக்கிள் பயணத்துக்கு மிகவும் வசதியானது என்றிருந்தது. அதற்குக் கீழே, நீந்துவதற்கும் ஓடுவதற்கும் ஏற்றதல்ல, மெத்தை நனைந்தால் பாரமாகித் தோலை உராயும் என்றிருந்தது. இரண்டையும் வாசித்தேன். வாய்விட்டு வாசித்தது முதல் வரியை மட்டும்.

"நீண்ட தூரத்துக்கு வசதியானதாம்" என்று சொல்லித் தாளை மடித்துக் கொடுத்தேன்.

அவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மெல்லிய அரைக்காற்சட்டைகளில் ஒன்று பிரிக்கப்படாமல் என் வீட்டு அலுமாரியில் கிடந்தது. இருவருக்கும் ஒரே இடுப்பளவு.

நனைத்துப் போட்டுப் பார்க்க அவர் விரும்பினார். ஆனால் ஆறு பெருகி மடுவே தெரியாமல் கிடந்தது. காய்ந்த துணியோடு சைக்கிளில் பத்துக் கிலோமீற்றர் ஓட்டிவிட்டு வந்து, "சிம்மாசனம் மாதிரி இருக்குங்க சேர்" என்றார். நான் தலையாட்டினேன்.

போட்டியன்று சைக்கிள் ஓட்டும்போதே எனக்குக் கால் பிடித்துக்கொண்டது. விலகி, முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் கூடாரத்தின் கீழ் உட்கார்ந்திருந்தேன். நேரம் போய்க்கொண்டேயிருந்தது. அவர் விலகியிருக்க வேண்டும் என்று விரும்பினேன். அவருடைய நன்மைக்காக அல்ல. கடைசி ஆட்களோடு வந்தார். கால்களை அகட்டி, கைக்குழந்தை நடக்கப் பழகுவதுபோல வந்தார். உள்தொடை இரண்டிலும் இரத்தம் வழிந்து காய்ந்திருந்தது. பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்து, "கடல் பாதி இந்த தலகாணிக்குள்ளதாங்க சேர் இருக்கு" என்று சிரித்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருந்தவள் எங்களோடு போட்டியில் ஓடிய ஒரு சிங்களப் பெண். அவருடைய கால்களைப் பார்த்துவிட்டு, ஏன் அதைப் போட்டு நீந்தினீர்கள், நீந்தக்கூடாது என்று உள்ளே வைத்திருக்கும் தாளிலேயே எழுதியிருக்குமே என்று சிங்களத்தில் கேட்டாள். எனக்கும் சிங்களம் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு நேரம் யாரும் என்னைப் பார்த்ததில்லை. பிறகு அவளிடம், "மம பெலுவே நே" என்றார். நான் பார்க்கவில்லை என்று.

அதன் பிறகு இரண்டு வருடம் அவர் என் அதிபராக இருந்தார். விடுமுறை கேட்டால் கையெழுத்திட்டார். தேநீர் வேளையில் கிரிக்கெட் பேசினார். என்னைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் ஆங்கிலத் தாள் ஒன்றையும் என்னிடம் கொண்டுவரவில்லை. ஒரு நாள் காலையில் அவர் அலுவலகத்தைத் தாண்டிப் போனபோது, பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஒரு சுற்றறிக்கையை எழுத்துக் கூட்டி அவருக்கு வாசித்துக்கொண்டிருந்தாள். எனக்கு நேர்ந்த அவமானங்களின் பட்டியல் நீளமானது. அதில் இதற்கு இணையாக வேறொன்றில்லை. இதை எனக்குச் செய்தவனும் நான்தான்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவருடைய மனைவி லூர்து, ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை என் கையில் வைத்தார்.

"வாசிச்சு சொல்லுங்க சேர். நீங்கதான் அவருக்கு எல்லாம் வாசிச்சு குடுப்பீங்க. அந்த ரேஸுக்கு சோட்ஸ்கூட நீங்க பாத்து சொன்னதுதானே."

அவர் மனைவியிடமும் சொல்லவில்லை. நான் அந்தத் தாளை மேலிருந்து கீழ்வரை வாசித்தேன். அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததையும் வாசித்தேன். லூர்து வழியாகத்தான் சோட்ஸ் கதை ஊருக்குப் பரவி, ஒலிவாங்கிக்கும் போனது. கடைசி நேரத்தில் அரைக்காற்சட்டைகூடத் தெரிவு செய்து கொடுத்த நண்பராம் நான். இப்போது பழைய மாணவர்களின் முகநூல் குழுவுக்கு ஒரு நினைவஞ்சலி எழுதித் தரச் சொல்கிறார்கள். உங்களை விட்டால் யார் சேர் என்கிறார்கள்.

நேற்றுப் பின்னேரம் லூர்துவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் உலர்த்திய துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பதை நிறுத்தவில்லை.

"அவருக்கு தெரியுமா?"

"தெரியும்."

"எத்தன நாளா?"

"அன்னைக்கே தெரியும். பஸ்ஸுல வச்சே."

"ஒம்பது நாளு அந்த புண்ணுக்கு மருந்து போட்டது நானு. எங்கிட்டகூட சொல்லலியே." கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு, "அப்ப பூசை அன்னைக்கி எல்லாரும் பேசுனது பொய்தானே சேர்" என்றார்.

நான் ஆமாம் என்றேன். அவர் இருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. நானாகவே எழுந்து வந்தேன்.

அவரை அறிந்தவர்களே, நீங்கள் கேட்ட அஞ்சலி இதுதான். அவர் மகான் அல்ல. கூட்டத்தில் அந்தப் பதவியை இன்னொரு தடவை மறுத்திருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் தனக்கு ஒன்று தெரியாது என்பதை நாலு பேர் முன்னால் உரக்கச் சொல்லிவிட்டு, கூச்சமில்லாமல் நிமிர்ந்து நின்ற வேறொருவரை நான் பார்த்ததில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த நிமிர்வு ஒன்றைத்தான். இன்னும் எனக்கு அது வரவில்லை.

இதன் அடியில் என் பெயரைப் போட்டால் என்ன நடக்கும் என்று தெரியும். எவ்வளவு பெரிய மனசு சேர் உங்களுக்கு என்று கீழே எழுதுவார்கள். கைகூப்பும் படங்கள் போடுவார்கள். அவருடைய நினைவில் மறுபடியும் எனக்குப் பாராட்டு விழும். யார் எழுதியது என்று எங்கள் மலையில் எல்லோருக்கும் விளங்கும், விளங்கட்டும். பாராட்டை வாங்கிக்கொள்ள அங்கே ஒரு பெயர் இருக்கக்கூடாது. பெயரில்லாமலே பதிவிடுகிறேன்.