சித்தி தறியில் உட்கார்ந்த நாட்கள்

அன்று காலை சித்தப்பா அடுக்களைச் சுவரில் சாய்ந்து, காலை நீட்டியபடி, முறத்தில் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார். கூடத்திலோ தறி ஓடும் சத்தம். பதினோரு வயதுப் பெண்ணான எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிள்ளையார்பாளையத்தில் அந்த வீட்டில் இருந்தது ஒரே தறி. நெய்பவரும் அவர் ஒருவர்தான். அவர் இங்கே இருந்தால் அங்கே யார்? எட்டிப் பார்த்தேன். தறிக்குழிக்குள் காலை இறக்கிச் சித்தி உட்கார்ந்திருந்தாள்.

அறுபதுகளின் கடைசி அது. ஆறு வருடத்தில் நான்கு பிள்ளைகள் பெற்றவள் சித்தி. நான்காவது பிரசவத்தில் உதிரப்போக்கு நிற்காமல் குதிரைவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்னொரு பிள்ளை என்றால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று சொல்லி அனுப்பினார் டாக்டரம்மா. புருஷன் பெண்டாட்டி இருவரில் யார் வேண்டுமானாலும் கருத்தடை ஆபரேஷன் செய்துகொள்ளலாம், ஆணுக்குச் சின்னதுதான் என்றும் சொன்னார்.

குழந்தை தவழ ஆரம்பித்ததும் அந்தப் பேச்சு வீட்டுக்கு வந்தது. சித்தப்பாவின் அண்ணனான என் அப்பாதான் தீர்ப்புச் சொன்னார்: "ஆம்பளைக்கு எதுக்குப்பா அதெல்லாம்? நாளைக்கு தறியில உக்கார தெம்பு வேணாமா? அவளுக்கே பண்ணிடு."

சித்தப்பா தலை குனிந்திருந்தார். அப்பா முன்னால் அதுவரை வாய் திறந்திராத சித்தி, கதவோரம் நின்றபடியே சொன்னாள்: "நாலு தபா நான் செத்துப் பொழச்சேன் மாமா. ஒரு தபா அவரு போயிட்டு வரட்டும்."

அப்பா எழுந்து போய்விட்டார். சித்தப்பா இரண்டு நாள் தறியே கதியென்று கிடந்தார். மூன்றாம் நாள் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார். "கெளம்புமா. நீயும் கூட வா. தனியா போவ பயமா இருக்குது." சித்தி சிரித்துவிட்டாளாம். இதை அவளே எனக்குப் பிற்காலத்தில் சொன்னாள்.

ஆபரேஷன் முடிந்து வந்தவரைத் தெருவில் ஆண்கள் கேலி பேசினார்கள். அப்பாவோடு பிறந்த அத்தை அந்த வீட்டுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டாள். பத்து நாள் தறி மிதிக்கக் கூடாது என்பது டாக்டர் பேச்சு. தறியிலோ பங்குனி முகூர்த்தத்துக்கான கூறைப்புடவை பாதியில் நின்றது. பக்கத்தில் உட்கார்ந்து, புடவைக் கரைக்கு நூல் சுற்றிய நாடாவைக் கோத்துக் கொடுப்பதுதான் அதுவரை சித்தியின் வேலை. பெண் குழியில் இறங்கக் கூடாது என்பது எங்கள் குடும்பத்துப் பேச்சு. அவள் இறங்கினாள். முதல் நாள் இழை அறுந்து அறுந்து போனதில் அழுதேவிட்டாள். சித்தப்பா மெல்ல நடந்து வந்து அவளுடைய இடத்தில் உட்கார்ந்து கரை நாடாவைக் கையில் எடுத்தார்.

"மெதுவா மிதிமா. அவசரமில்ல."

"நீங்கதான் லேட் பண்றீங்க."

ஒரு மணி நேரம் கழித்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "ஏழு வருசமா எப்பிடிமா இத செஞ்சிக்கினு இருந்த? கையே இத்துப் போவுது."

சித்தி மிதிப்பதை நிறுத்தி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் வந்த சிரிப்பை நான் பார்த்தேன்.

புடவை சொன்ன நாளுக்கு முடிந்தது. அதன்பின் ஒருநாள் அவர், ஒருநாள் அவள் என்று தறி மாறி மாறி ஓடியது. அப்பாவின் கோபம் ஆற ஒரு வருடம் பிடித்தது. ஒரு பொங்கலன்று என்னைக் கூட்டிக்கொண்டு அங்கே போனார். தறியிலிருந்த சித்தி எழுந்திருக்கவில்லை.

"உக்காருங்க மாமா. அவரு காபி எடுத்தாராரு."

தன் தம்பி கொண்டுவந்த காபியை அப்பா வாங்கிக் குடித்தார்.  திரும்பி வந்து எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியவர், அடுப்பங்கரையிலிருந்த அம்மாவைப் பார்த்துக் கேட்டார்: "நீ சாப்டியா?"

அதுவரை அப்பா அப்படிக் கேட்டதேயில்லை; அம்மா கையில் கரண்டியோடு வாசலுக்கே வந்துவிட்டாள்.