இரண்டாம் முறை கேட்காத ஊர்

கார்பன் தாள் வைத்து எழுதுகிறேன். நண்பர்கள் எல்லோருக்கும் இதே கடிதம்தான்.

எனக்குப் படிப்புதவி தரும் அறக்கட்டளை, வெளிநாட்டு மாணவர்கள் இந்த ஜெர்மனியின் பான் நகரத்தாரோடு பழகட்டும் என்று ஞாயிறுதோறும் காப்பி விருந்தும் நடத்துகிறது. இன்றும் போனேன். வாரம் முழுக்க ஆய்வகத்தில் வணக்கத்துக்கு மேல் யாரோடும் பேசியிருக்கவில்லை.

ஓர் அம்மாள் ஆப்பிள் கேக்கை நீட்டினார். நல்ல பசி. இருந்தும் நம் வழக்கப்படி முதலில் "வேண்டாம்" என்றேன்.

அவர் புன்னகைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். இங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

அடுத்த மேசையில் ஒரு புதியவரும் "வேண்டாம்" என்றார். பிறகு, போகிற தட்டையே பார்த்தார்.

"தமிழா?" என்றேன்.

"ஆமா சார், மதுரை. டோர்ட்மண்ட்ல படிக்கிறேன். சாயங்காலம் ட்ரெயின்."

உடனே எழுந்துபோய் இரண்டு துண்டு கேக் வாங்கிவந்தார்.

"சாப்பிடுங்க சார்."

"இருக்கட்டுங்க."

"அட, என்ன கூச்சம்? சும்மா சாப்பிடுங்க!"

அந்த வற்புறுத்தல் சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதே என்று இன்னொரு தடவையும் மறுத்தேன்.

அவர் ரயிலேறிவிட்டார். அடுத்த ஞாயிறு நான் முதல் தடவையே "சரி" என்று சொல்லிவிடுவேன். வயிறு நிறையும். அதை விருந்து என்று சொல்லலாமா? பதில் போடுங்கள்.