வெளியங்கோட்டில் கடலுக்கு வரப்புக் கட்டினோம்

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் நான், என் வீட்டுக்காரர், ஹம்சா இக்கா, அவர் மனைவி பாத்தும்மா, தொட்டிலில் அவர்களுடைய நாலு மாதக் கைக்குழந்தை. இத்தனை பேர்தான்.

எழுபத்து நாலாம் வருஷம், ஆனி மாதம். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம் நிறையவில்லை. ஆடி பிறந்தால் என்னைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். அதற்குள் கடல் காட்டுகிறேன் என்றார் இவர். ஹம்சா இக்கா எங்கள் கொல்லங்கோட்டுச் சந்தைக்குக் கருவாடு கொண்டுவருகிறவர்; அந்தக் கரை முஸ்லிம்கள் அண்ணனை இக்கா என்பார்கள். "பொண்டாட்டியக் கூட்டீட்டு வா, கடல்கரையிலே நம்ம வீடு" என்று அவர் சொன்னதை இவர் பிடித்துக்கொண்டார்.

கொல்லங்கோட்டில் காலை ஆறரைக்கு பஸ் ஏறினோம். பாலக்காடு பதினாறு மைல். பிறகு ஒற்றப்பாலம், பட்டாம்பி, எடப்பாள் வழியாகப் பொன்னானி. ஆளுக்கு மூன்றே முக்கால் ரூபாய். அங்கே வேறு பஸ் மாறி வெளியங்கோட்டில் இறங்கி, மணலில் ஒரு மைல் நடை. பஸ் கவிழுமோ, மழை பிடிக்குமோ, மாமியார் கேட்டால் என்ன சொல்வது என்று எனக்கு வழியெல்லாம் கவலை.

ஹம்சா இக்கா வீட்டுக்கு முந்தைய வருஷம்தான் ஓலையை எடுத்துவிட்டு ஓடு போட்டிருந்தார்கள். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே மூன்று தென்னை.

"ஏனுங்க, கடலு நெம்பக் கிட்டத்துல இருக்குதுங்களே?"

"கெணத்தையே பாத்துட்டு வந்தவளுக்கு அப்படித்தான் தெரியும். சும்மா இரு புள்ள" என்றார்.

"தங்கச்சி பயப்பட வேண்டா. எல்லா வருஷமும் கடல் வந்து பாத்துட்டுப் போகும்" என்று ஹம்சா இக்கா சிரித்தார்.

மறுநாள் ஹம்சா இக்கா எங்களை ஏற்றிக்கொண்டு, கடலை ஒட்டிய காயலில் தோணி விட்டார். இவர் துடுப்பை வாங்கிப் போட, தோணி நின்ற இடத்திலேயே சுற்றியது. மழையில் நனைந்துகொண்டே சிரித்தோம். நான் கவலையை மறந்திருந்த பகல் அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் காலை எழுந்து பார்த்தால் ஒரு தென்னையைக் காணோம். பக்கத்து வீடுகளில் ஓடுகளை இறக்கி, கதவைக் கழற்றித் தலையில் சுமந்து போய்க்கொண்டிருந்தார்கள். அந்தக் கரையில் அதுதான் வழக்கம். கடல் ஏறினால் வீட்டைப் பிரித்து எடுத்துக்கொண்டு கிழக்கே போய்க் கட்டிக்கொள்வார்கள். ஹம்சா இக்காவும் ஏணி சாத்தினார்.

இவர்தான் தடுத்தார். "எதுக்குப் பிரிக்கறீங்க? எங்க வாய்க்கா ஒடைஞ்சா எத்தன தடவ அடைச்சிருக்கறேன். ரெண்டு ஆளு போதுமுங்க."

பாத்தும்மா வேண்டாம் என்பதுபோலத் தலையசைத்தாள். ஆனால் ஆசைப்பட்டுப் போட்ட ஓடு. ஹம்சா இக்கா ஏணியிலிருந்து இறங்கிவிட்டார். கருவாட்டுச் சாக்குகளில் மணலை நிரப்பி, தென்னங்குற்றிகளை முளையாக அடித்து, மடைக்கு அணை போடுவதுபோல வரிசையாக அடுக்கினார்கள்.

கதவைச் சுமந்து போன ஒருவர் இவர் பேசிய தமிழைக் கேட்டு நின்று பார்த்துச் சத்தமாகச் சிரித்தார். "எடோ பாண்டிக்காரா, இது நின்டெ வயலல்ல, கடலாணு!"

"நீ போய்யா, சாயங்காலம் வந்து பாரு" என்றார் இவர்.

சாயங்காலம் பார்க்க எதுவும் இல்லை. வாய்க்கால் தண்ணீர் முன்னால்தான் முட்டும். கடல் அடியிலிருந்து மணலை உருவியது. சாக்குகள் ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்தன. பாத்தும்மா குழந்தையைத் தூக்கினாள், நான் பானைகளை எடுத்தேன். நாங்கள் வெளியே வந்ததும் மேற்குச் சுவர் உட்கார்ந்தது. ஓடு அத்தனையும் தண்ணீரில் சரிந்தது. அந்தச் சுவரில் மாட்டியிருந்த இவர் சட்டையும் அதிலிருந்த பணமும் போயின.

அன்று மதரசாக் கொட்டகையில் தங்கினோம். அவர்கள் எங்களை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

காலையில் ஹம்சா இக்கா தன் சட்டை ஒன்றை இவருக்குப் போடக் கொடுத்தார். பிறகு மடியிலிருந்து ஈர நோட்டுகளை எடுத்தார்.

"வேண்டாமுங்க, பாய்" என்று இவர் பின்னால் நகர்ந்தார்.

"பின்னே பஸ்ஸுக்கு என்ன செய்யும்? இந்தப் பெண்ணை நடத்திக் கூட்டீட்டுப் போவியா? சந்தையிலே தா, போதும்."

கொல்லங்கோட்டில் இறங்கியபோது நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் வரப்புக்குள் அசையாமல் நின்றது. இவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

அதன்பிறகு ஹம்சா இக்கா சந்தைக்கு வரவில்லை. மறு வருஷம் இவர் வெளியங்கோடு போய் விசாரித்தார். குடும்பத்தோடு எங்கோ வடக்கே போனதாக மட்டும் சொன்னார்களாம். பஸ் செலவுக்கு வாங்கிய பன்னிரண்டு ரூபாய் இன்னும் நாங்கள் கொடுக்க வேண்டியிருக்கிறது.