ஒரு மணிக்குப் பிறகு குறைந்தது

நடந்தது இது, வரிசைப்படி:

1. எங்கள் ஆபீசில் இரண்டு பேருக்குச் சேர்த்து ஒரே ஏ.ஐ. அக்கவுண்ட். வாரத்துக்கு இவ்வளவுதான் பயன்படுத்தலாம் என்ற அதன் லிமிட் சனிக்கிழமை வரை வரவேண்டும்; வியாழன் மதியமே தீர ஆரம்பித்தது.
2. மீதி லிமிட்டைக் காட்டும் ஆப்கள் மூன்றை ஒப்பிட்டு எழுதித் தரச் சொன்னார் சார்.
3. எழுதிக் கொடுத்தேன். கேட்காத ஒரு வரியையும் சேர்த்தேன்.
4. அந்த வரியால் என்னோடு வேலை பார்த்த அக்காவின் இருக்கை போயிற்று.
5. வரி தப்பு என்று செவ்வாய்க்கிழமை எனக்குத் தெரிந்தது. வெள்ளிக்கிழமைதான் சொன்னேன்.

ஐந்தாவதை எழுத மனம் வராமல்தான் மற்ற நான்கையும் எண் போட்டு எழுதியிருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

ஆபீஸ் நீடாமங்கலத்தில், ஒரு உரக்கடையின் மாடியில். வக்கீல்கள் அனுப்பும் பழைய நிலப் பத்திரங்களை ஸ்கேன் செய்து, கையெழுத்தை ஏ.ஐ. மூலம் படித்து, சரிபார்த்து, டைப் செய்த பிரதியாகத் திருப்பி அனுப்புவோம். கம்ப்யூட்டர் வேலை எல்லாம் நான். அக்கா நன்னிலத்திலிருந்து பஸ்ஸில் வருவார். பத்திரம் எழுதுபவர் ஒருவரிடம் பல வருடம் இருந்தவர். மெஷின் தடுமாறும் கிரயம், பைசல், ஜமாபந்தி போன்ற பத்திரச் சொற்கள் எல்லாம் அவருக்குக் கண்ணை இடுக்காமலே தெரியும். கணவர் வளைகுடாவில். ஸ்கேனர் ரூமில் நின்று வேலை பார்த்தவர், போன வருடம்தான் பத்திரம் படித்துச் சரிபார்க்கும் இருக்கைக்கு வந்தார்.

லிமிட்டைப் பங்கிட்டது சார். அவருக்கும் நிலம் உண்டு. வாய்க்கால் தண்ணீருக்கு வைப்பதுபோல முறை வைத்தார்: காலையிலிருந்து ஒரு மணி வரை நான், அதற்குப் பிறகு அக்கா. எங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. என் அப்பாவின் நிலம் வாய்க்காலின் கடைசியில், கடைமடையில் இருக்கிறது. முறையில் ஒருவர் நேரம் முடிந்த பிறகு எடுத்த தண்ணீர் அடுத்தவர் கணக்கு. அதில் கேள்வி கிடையாது.

மூன்று ஆப்களையும் ஒரே நாளில் என் லேப்டாப்பில் ஏற்றினேன். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "மூணு மாப்பிள்ளையையும் ஒரே நேரத்துல கூடத்துல உக்கார வச்சிருக்கியே, யார் நல்லவன்னு எப்படிம்மா கண்டுபிடிப்ப?" என்றார். ஒரு வாரம் பார்த்தேன்.

முதல் ஆப் திரையின் ஓரத்தில் ஒரு சின்ன வட்டம். மீதி எத்தனை சதவீதம் என்பது மட்டும் தெரியும். இலகுவானது, ஆனால் பல நேரம் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். இரண்டாவது, மணிவாரியாக எவ்வளவு குறைந்தது என்று வரைபடம் போட்டது. எப்போது மறுபடி நிரம்பும் என்று சொன்னது, கால்பங்குக்குக் கீழே போனால் மணி அடித்தது. மூன்றாவது, என்ன வேலைக்கு எவ்வளவு போயிற்று என்று பிரித்துக் காட்டியது. ஆனால் அது ஓடும் கம்ப்யூட்டரில் நடந்ததை மட்டும்தான் எண்ணும். மற்ற கம்ப்யூட்டர் அதற்குத் தெரியாது. இதை நானே கட்டம் போட்ட தாளில் 'குறை' என்ற தலைப்பின் கீழ் எழுதியிருக்கிறேன்.

எழுதிவிட்டு, அதே தாளின் அடியில் இதையும் எழுதினேன்: 'ஒரு மணிக்குப் பிறகே அதிகம் குறைகிறது. அந்த நேரத்தில் என் லேப்டாப்பில் பயன்பாடு பூஜ்யம். பிற்பகல் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தினால் போதும்.'

அக்கா என்று எழுதவில்லை. எழுதாமலே சார் புரிந்துகொள்வார் என்று எனக்குத் தெரியும். அந்தத் தாளைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

திங்கட்கிழமை அக்காவை மறுபடி ஸ்கேனர் ரூமுக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாளைக்கு என்றார் சார். அக்கா கைப்பையையும் டிபன் டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனார். தாளில் என்ன இருந்தது என்று என்னிடம் கேட்கவில்லை.

அக்காவின் இருக்கை காலியாக இருந்த அன்றைக்கும் ஒரு மணிக்குப் பிறகு லிமிட் குறைந்தது. ஆப் தப்பாகக் காட்டுகிறது என்று முடிவு செய்தேன். மறுநாள் இரண்டு மணி வாக்கில் அக்கா ஸ்கேனர் ரூமிலிருந்து கூப்பிட்டார்.

"இங்க ஒரு கறுப்புத் திரை தானாத் திறந்து ஓடிக்கிட்டே இருக்கு. உன்னுதாம்மா?"

என்னுடையதுதான். சில மாதங்களுக்கு முன், மெஷினுக்குச் சந்தேகமாக இருந்த பக்கங்களை மறுபடி படிக்க, அதே அக்கவுண்டில் தானாக ஓடும் ஒரு வேலையை அந்தக் கம்ப்யூட்டரில் அமைத்திருந்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்கேனர் சும்மா இருக்கும் என்று ஒன்றரை மணிக்கு ஓட வைத்தேன். படித்து முடித்த பக்கத்தை அந்த ஃபோல்டரிலிருந்து எடுத்துவிட வேண்டும். அந்தப் பகுதியை எழுதவே இல்லை. அதனால் தினமும் முதல் பக்கத்திலிருந்து, நாளுக்கு நாள் கூடுதல் பக்கங்களை, அது படித்துக்கொண்டிருந்தது. அக்காவின் முறையில் எடுத்தது நான். எங்கள் வீட்டில் தண்ணீர் வராத வருடங்களில் மேல்மடைக்காரர்களைப் பற்றி அப்பா பேசியதையெல்லாம் கேட்டு வளர்ந்தவள் நான்.

அக்காவிடம், "ஆமாக்கா, பழசு ஒண்ணு" என்று சொல்லிவிட்டு அந்த வேலையை நிறுத்தினேன். நிறுத்தியதை யாரிடமும் சொல்லவில்லை. வாரக் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு காரணம் வைத்திருந்தேன். உண்மையில், லிமிட் சரியாகிவிட்டால் பேச்சே வராது என்று நினைத்தேன்.

லிமிட் சரியாயிற்று. வியாழன் தாண்டியும் நிறைய மீதி இருந்தது. வெள்ளிக்கிழமை காலை சார் என் மேசைக்கு வந்து வரைபடத்தைப் பார்த்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"பாத்தியா, அவங்களை மாத்தினதும் நின்னுடுச்சு. நீ எழுதினது கரெக்ட். திங்கட்கிழமையிலேர்ந்து அந்த சீட்டுக்கு வேற பொண்ணு வருது. இவங்க ஸ்கேனிங்கே பாக்கட்டும்."

நான் மூன்று நாள் பேசாமல் இருந்ததே அக்காவுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. எழுந்து நின்று சொன்னேன். எதை விட்டேன், எப்போது தெரிந்தது, எப்போது நிறுத்தினேன் எல்லாம். செவ்வாய் என்பதையும் மறைக்கவில்லை. சார் வரைபடத்தை மூடினார். பிறகு, கம்ப்யூட்டர் செய்த தப்புக்கு நீ என்ன செய்வாய், அந்தப் பெண்ணை வரவேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், அக்காவிடம் காரணம் எதுவும் பேச வேண்டாம் என்றார். நான் தப்பிக்க அவர் வழி கொடுத்தது எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

அக்கா ஸ்கேனர் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குச் செவ்வாக்கிழமையே தெரியும்மா. உனக்குக் காட்டினதே நான்தானே? நீ அதை நிறுத்துன, அன்னியோட லிமிட் குறையறது நின்னுச்சு. இது புரிய கம்ப்யூட்டர் படிக்கணுமா?"

"ஏங்க்கா சார்கிட்ட சொல்லல?"

"நீ சொல்லுவன்னு இருந்தேன். மறுநாளே வருவன்னு நினைச்சேன்."

மன்னிப்புக் கேட்டேன். சரி, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். அப்போது பதினொரு மணிகூட ஆகவில்லை.

இப்போதைய நிலை: இரண்டாவது ஆப் இரண்டு கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. சந்தேகப் பக்க வேலையை அடியோடு நீக்கிவிட்டேன். தாளில் அந்த வரியை அழிக்காமல், கீழே திருத்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அக்கா திரும்பவும் தன் இருக்கையில் இருக்கிறார். தினமும் உட்காரும்போது ஒரு தடவை, எழுந்திருக்கும்போது ஒரு தடவை, திரையில் உள்ள மீதி லிமிட் சதவீதத்தை ஒரு நோட்டில் நேரத்தோடு குறித்துக்கொள்கிறார். அவரை யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.