கேப்டன் அங்கிளின் ஜன்னல்

ஆளில்லாக் கப்பலைக் கரையில் உட்கார்ந்தபடியே ஓட்டப் பல்கலைக்கழகப் பிள்ளைகளைத் தயார் செய்வது ஆசிரியையின் வேலை. ஆறு வருஷமாக அதே அறை, அதே ஒன்பது திரைகள். கத்திக் கத்தித் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

இந்த வருஷம் வகுப்பில் ஒரு நரைத்த மாணவர், அவள் புருஷன். இருபத்திரண்டு வருஷம் கப்பல் அதிகாரியாக இருந்தவர். அவருடைய கம்பெனி கப்பல்களில் ஆட்களைக் குறைத்துவிட்டு, சான்றிதழ் வாங்கினால் கரையில் வேலை என்று சொல்லிவிட்டது. தேர்வு எழுத இரண்டே வாய்ப்பு. பிள்ளைகளுக்கு அவர் ‘கேப்டன் அங்கிள்’. வகுப்பில் மனைவியை ‘மேடம்’ என்பார், வம்புக்கு வீட்டிலும்.

முதல் தேர்வில் திரையெங்கும் மூடுபனி. எதிரே படகு என்று அலாரம் அடித்ததும் மனுஷர் விருட்டென்று எழுந்து ஜன்னலுக்குப் போனார். புருவத்தில் கை வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படகைத் தேடினார். வெளியே சைக்கிள் ஸ்டாண்டுதான் இருந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாற்காலியை விட்டு எழுந்தால் தோல்வி என்பது விதி. தோல்வி என்று கையெழுத்துப் போட்டவள் அவளேதான்.

சாயங்காலம் பஸ்ஸில் கேட்டாள்.

“ஏங்க எழுந்தீங்க?”

“பனின்னா கால் தானா எழுந்துடுது. கண்ணால பாக்காம எப்படித் திருப்பறது?”

அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

இரண்டாம் தேர்வன்று அவரே கறுப்புத் தாளும் பசையும் வாங்கி வந்தார். “ஜன்னலை மூடிடலாம். தெரிஞ்சா எழுந்துடுவேன்” என்றார். விதியில் அதற்குத் தடை இல்லை. அவர் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, அவள் ஏறி ஒட்டினாள்.

மறுபடி பனி, மறுபடி அலாரம். அவர் முழங்கால் ஒரு தரம் துள்ளி அடங்கியது. திரையைப் பார்த்தே கப்பலைத் திருப்பிப் படகில் மோதாமல் விலகினார். பிள்ளைகள் கை தட்டினார்கள், அவரும் சிரித்து வைத்தார். பாஸ் என்று எழுதும்போது அவளுக்குத்தான் அழுகை முட்டியது.

பிள்ளைகள் போனதும் தாளைக் கிழிக்க ஸ்டூலை இழுத்தாள்.

“இருக்கட்டும், மேடம்” என்றார். “சேரப்போற ஆபீஸைப் பாத்துட்டு வந்தேன். அங்கே ஜன்னலே இல்ல.”

அவள் ஸ்டூலைச் சுவரோரம் தள்ளி வைத்தாள்.